0.6 மில்லிமீட்டர்ல போச்சு என் ரெண்டு மாசம்

லிப்ஸ்டிக் பண்ண ஆசைப்படறவங்க யாரா இருந்தாலும் சரி, மோல்டு, அதாவது உருக்கி ஊத்தற அச்சு, வாங்கறதுக்கு முன்னாடி ட்யூபை வாங்கி அளந்து வெச்சுக்கோங்க. நான் தலைகீழா பண்ணி மாட்டிக்கிட்டேன்.

நாங்க இருக்கறது தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல, சாட்ஸ்வொர்த் பக்கம். தீபாவளிக்கு கோயில் ஸ்டால்ல வைக்கலாம்னு 12 குழி அலுமினிய மோல்டு சைனாவிலிருந்து வரவழைச்சேன், வந்து சேர எட்டு வாரம், அதுக்கு மேல இறக்குமதி டியூட்டி, 15% வாட் வரின்னு கூரியர்ல தனியா கறந்தாங்க. ட்யூப் மட்டும் டவுன்ல ஒரு பேக்கேஜிங் கடையில 200 வாங்கினேன், அதுக்குக் கம்மியா தரமாட்டாங்களாம்.

மெழுகு, ஆமணக்கெண்ணெய் உருக்கறதெல்லாம் பிரச்சனையே இல்ல. ஊத்தி, ஃப்ரீசர்ல கால் மணி நேரம் வெச்சு மோல்டைப் பிரிச்சா பன்னெண்டும் பளபளன்னு நிக்குது! ட்யூப்ல சொருகினா இறங்கல. கொஞ்சம் அழுத்தினேன், பொட்டுனு ஒடிஞ்சுது. அடுத்ததும் அப்படியே. பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட வெர்னியர் காலிப்பர் வாங்கி அளந்தா மோல்டு குழி 12.7 மில்லிமீட்டர், ட்யூப் கிண்ணம் 12.1. ரெண்டுமே மார்க்கெட்ல சகஜமா ஓடற சைஸாம், அப்புறம்தான் தெரியுது. கடைக்குப் போன் பண்ணா, "லிப்ஸ்டிக் ட்யூப்னா லிப்ஸ்டிக் ட்யூப்தான் மேடம்"ங்கறார். பாக்கெட் பிரிச்சாச்சு, திரும்ப எடுத்துக்க மாட்டாங்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு...

தராசும் காலை வாரிச்சு. கிச்சன் தராசு 1 கிராம் கணக்குலதான் காட்டும், நான் போடற சிவப்பு ஐயன் ஆக்சைடு கலர் பொடி 0.35 கிராம். சிட்டிகை சிட்டிகையா போட்டா அது அசையவே அசையாது, அதனால ஒரே ரெசிபி ரெண்டு தடவை பண்ணா ரெண்டு கலர். 0.01 காட்டற பாக்கெட் தராசு வாங்கினதும் அந்தத் தொல்லை விட்டுது. இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

கலர் அரைக்க மெஷின் எதுவும் வேண்டாம், கண்ணாடித் தட்டு மேல ஆமணக்கெண்ணெய் விட்டு ஸ்பாட்டுலாவால தேய்ங்க, திப்பி இல்லாம வரும். இயற்கைன்னு பீட்ரூட் பொடி போட்டுடாதீங்க, எண்ணெயில கரையாது, உதட்டுல மணல் மாதிரி நிக்கும். அம்மா ஊர்லேர்ந்து அனுப்பின வேம்பாளம்பட்டை எண்ணெயில நல்லாவே இறங்கிச்சு, ஆனா அது மட்டும் போட்டா கலர் வெளுப்பு.

கரண்ட்ல ஓடற மெழுகு உருக்கியும் ஒண்ணு வாங்கினேன். 2023-ல முறை வெச்சு கரண்ட் நிறுத்தற லோட் ஷெட்டிங் உச்சத்துல இருந்தப்போ பாதி வேலையில கரண்ட் போய் எல்லாம் உறைஞ்சு உட்கார்ந்துடுச்சு. இப்ப கேஸ் அடுப்பு, கொதிதண்ணி பாத்திரத்துக்குள்ள ஒரு பீக்கர், அவ்வளவுதான். ஒரு சொட்டு தண்ணி உள்ள தெறிச்சாலும் அந்த பேட்ச் காலி, அதை மட்டும் பார்த்துக்கணும். ஊத்தறதுக்கு முன்னாடி மோல்டுக்கு ஹேர் ட்ரையரால லேசா சூடு காட்டுங்க, இல்லேன்னா வரி வரியா கோடு விழும்.

கடைசில 12.1 மோல்டு ஆர்டர் பண்றப்போ, காலிப்பரைக் குழியில வெச்சு போட்டோ எடுத்து அனுப்பினாத்தான் காசுன்னு சொல்லிட்டேன். அனுப்பினாங்களே!

ஒடிஞ்சதையெல்லாம் திரும்ப உருக்கி சின்ன டப்பில ஊத்தி பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கொடுத்திருந்தேன். புது ட்யூபை ஆசையா நீட்டினா, தள்ளி வெச்சுட்டு அந்த டப்பிதான் வேணுங்கறாங்க.