ஞாயிறு சிறுகுழு, புதன் பெரிய கூட்டம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலையில் எங்களுக்கு வகுப்பு இருக்கும். கோலாலம்பூர் பக்கமிருந்து இங்கே பீடோங்கிற்குப் படிக்க வரும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு முதல் மாதம் இது பெரிய தடுமாற்றம். ஞாயிறு என்றால் ஆலயம் என்று வளர்ந்தவர்கள், அன்று காலை விரிவுரை அறையில் உட்கார்ந்திருப்பார்கள். வியாழன் மாலை ஆனதும் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஈப்போவுக்கும் அதற்குத் தெற்கேயும் போகிறவர்கள் சுங்கைப்பட்டாணிக்குப் போய் பஸ் பிடிப்பார்கள். வேறு மாநிலங்களில் பல கல்லூரிகளின் கிறிஸ்தவ மாணவர்கள் கூடுகிற வெள்ளி இரவு எங்களுக்கு உதவாது.

கல்லூரி கிறிஸ்தவ ஐக்கியத்தை நாங்கள் சி.எஃப். என்றுதான் சொல்வோம். இரண்டாம் ஆண்டில் அதன் பொறுப்புக்கு வந்தபோது முதல் வேலையே நாள் குறிப்பதாக இருந்தது. சிறுகுழுக்கள் ஞாயிறு இரவு, பெரிய கூட்டம் புதன் இரவு என்று முடிவு செய்தோம். பஸ் நேரம் ஒரு காரணம்தான். ஊருக்குப் போய்த் திரும்பிய இரவில்தான் ஒரு பிள்ளைக்கு மனசு நிறைந்திருக்கும். அப்பாவுக்கு ஓவர்டைம் நின்றுபோயிருக்கும், பாட்டி மருத்துவமனையில் இருப்பார், பிடிபிடிஎன் என்னும் அரசுக் கல்விக் கடன் இன்னும் கணக்கில் ஏறியிருக்காது. இதையெல்லாம் மண்டபத்தில் எழுந்து நின்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏழெட்டுப் பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்தால் சொல்வார்கள்.

ஆள் குறைவாக இருக்கும்போது எதற்கு இரண்டு கூட்டம், ஒன்றாகச் சேர்த்துவிடலாமே என்று செயற்குழுவில் சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. நடபடிகள் 2:46ஐ எடுத்துப் பாருங்கள். ஆதித் திருச்சபையார் தேவாலயத்திலும் கூடினார்கள், வீடுகள்தோறும் அப்பமும் பிட்டார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் வருகிறது. தோட்டத்தில் ஒரே கிறிஸ்தவக் குடும்பமாக வளர்ந்த பிள்ளைக்கு, தன்னைப்போல இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பெரிய கூட்டம்தான் காட்டும். ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் அதைக் கவனிப்பது சிறுகுழு. ஒன்றின் வேலையை இன்னொன்றால் செய்ய முடியாது என்பதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

இரண்டையும் கட்டிவைக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. அதற்காக மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டோம். ஞாயிறு சிறுகுழுவில் படித்த பகுதியையே புதன்கிழமை செய்தியிலும் கேட்போம். மாற்கில் 16 அதிகாரங்கள். பதிவு வாரம், இடை விடுமுறை, பரீட்சை எல்லாம் போக ஒரு செமஸ்டருக்குள் அத்தனையும் அடங்காது. அதனால் முதல் செமஸ்டரில் 8ஆம் அதிகாரத்தின் நடுப்பகுதி வரைக்கும் என்று வைத்தோம். அதுவரை எல்லாரும் 'இவர் யார்?' என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். 8:29இல் பேதுரு 'நீர் கிறிஸ்து' என்று சொல்லிவிடுவார். அதன் பிறகு கதை சிலுவைப் பக்கம் திரும்பும். அது அடுத்த செமஸ்டருக்கு.

குழுத் தலைவர்கள் எல்லாரும் வியாழன் மதியம், வீட்டுக்குக் கிளம்பும் முன், கேன்டீனில் கூடுவோம். அடுத்த ஞாயிறு பகுதியை நாங்கள் முதலில் படிப்போம். இங்கே என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன பொருள், நான் என்ன செய்யப்போகிறேன் என்ற மூன்று படியில்தான் போவோம். அப்புறம் கேள்விகள் எழுதுவோம். ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு கேள்விகள் போதும். 'இயேசு திமிர்வாதக்காரனைக் குணமாக்கினாரா?' என்று கேட்டால் எல்லாரும் 'ஆமா' என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். 'சுகம் கேட்டு வந்தவனிடம் முதலில் ஏன் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசினார்?' என்று கேட்டால் பைபிளைத் திரும்பத் திறப்பார்கள். தலைவர் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. கேள்வி கேட்டதும் அமைதி வந்தால் பயப்படக் கூடாது. அந்த அமைதியில்தான் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். நாம் அவசரப்பட்டு வாய் திறந்தால் அவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

உட்காரும் இடத்துக்கும் வேலை உண்டு. நிறையப் பேசுகிறவரைத் தலைவர் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்காததால் அவர் தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொள்வார். பேசாதவர் எதிரில் இருக்கட்டும். 'தம்பி, நீ என்ன நினைக்கிற?' என்று பார்வையாலேயே கேட்டுவிடலாம்.

மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிற பகுதி வந்த ஞாயிறு எனக்கு மறக்காது. என் குழுவில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். வருவான், வாசிப்பான், 'ஆமென்' சொல்வான். வேறு ஒன்றும் பேசமாட்டான். அன்றைக்கு அவனாகவே கேட்டான்: "கூரையைப் பிரிச்சாங்களே, வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியா அக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, "உங்க லயத்துல இப்படி நடந்தா என்ன ஆகும், சொல்லு" என்றேன்.

அவன் சொன்னான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது, செம்பனைக் குலை வெட்டப்போன அப்பாவுக்கு முதுகில் அடிபட்டுவிட்டது. நடக்க முடியவில்லை. அன்று பார்த்து லோரியும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன்கள் ஒரு கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்கவைத்து, மண் சாலையில் டவுன் ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். "யாரு வீட்டுக் கதவுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றான். அந்த அண்ணன்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. அந்தக் கடைசிச் செய்தியில்தான் எங்கள் பேச்சு வெகுநேரம் நின்றது. தூக்கிக்கொண்டு போகிற அன்பு நம்மிடம் மட்டும்தான் இருக்கிறதா? நம்மைத் தூக்கி வந்தவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? நாங்கள் எழுதி வைத்திருந்த கேள்விகளில் பாதியைக் கேட்கவே இல்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. (அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

மொழி விஷயத்துக்கு எங்கள் ஊரில் தனியாக ஒரு திட்டம் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பழைய தமிழ் வேதாகமத்தைத் தடையில்லாமல் வாசிப்பார்கள். தேசியப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குப் பேச வரும், வாசிக்க வராது. அவர்கள் கையில் ஆங்கில பைபிள். சபா, சரவாக்கிலிருந்து வந்தவர்களிடம் மலாய் அல்கித்தாப். ஒரு மொழிதான் என்று சட்டம் போட்டால் யாரோ ஒருவர் வெளியே நிற்பார். அதனால் பகுதியைப் பிரித்து, அவரவர் தங்கள் மொழியில் சத்தமாக வாசிப்பது. பிறகு ஒருவர் பைபிளை மூடிவிட்டு, நடந்ததைத் தன் சொந்த வார்த்தையில் சொல்வது. அப்படிச் சொல்லும்போது விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். மொழிபெயர்க்கத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. மூன்று மொழியும் கலந்தே ஓடும்.

கடைசிக் கால் மணி நேரம் ஜெபக்குறிப்புகளுக்கு. இங்கே ஒரே ஒரு விதிதான், ஆனால் அதில் எந்தத் தளர்வும் கிடையாது: பாயில் பேசியது பாயோடு. வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. 'ஜெபிக்கத்தானே சொன்னேன்' என்று ரூம்மேட்டிடமும் சொல்லக் கூடாது. பீடோங் சின்ன ஊர். ஒருத்தியின் வீட்டுப் பிரச்சினை மறுநாள் கேன்டீனில் அவள் காதுக்கே திரும்பி வந்தால், அந்தக் குழு அன்றோடு முடிந்தது.

சுங்கைப்பட்டாணியிலிருந்து பேச வந்த ஒரு மெதடிஸ்ட் போதகர் எங்களுக்கு ஒரு வரலாறு சொன்னார். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், கூடும் கட்டடத்தின் கடனை அடைக்க, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் வழி தேடினார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவர் வாரம் தலைக்கு ஒரு பென்னி வசூலிப்பது என்று ஏற்பாடு. தலைவர்கள் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் காசைவிட மனிதர்களின் நிலைமை கண்ணில் பட்டது. மெதடிஸ்ட்களின் வகுப்புக் கூட்டம் அதிலிருந்துதான் வளர்ந்தது. அதைக் கேட்டபின் நாங்களும் ஒன்றை வழக்கமாக்கினோம். தலைவர் ஒவ்வொரு வாரமும் தன் குழுவில் ஒருவரோடாவது தனியாக மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும். பைபிள் பாடம் எதுவும் நடத்த வேண்டாம். சும்மா சாப்பிட்டால் போதும்.

குழு பத்துப் பேரைத் தாண்டினால் பிரிக்க வேண்டும். இதில்தான் கண்ணீர் வரும். 'இப்பத்தான் அக்கா மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சோம்' என்பார்கள். உண்மைதான். ஆனால் பன்னிரண்டு பேர் வட்டத்தில் நான்கு பேர்தான் பேசுகிறார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துணைத் தலைவரை வைத்தோம். அவர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நடத்துவார். பிரிக்கிற நாளில் அவர் பாதிப் பேரோடு போவார். அதற்குள் எல்லாருக்கும் அவர் குரல் பழகியிருக்கும். மாதம் ஒரு முறை இரண்டு குழுவும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது என்றும் சொல்லிவிட்டோம்.

பெரிய கூட்டத்தை டவுனில் ஒரு திருச்சபை மண்டபத்தில் நடத்தினோம். மஃரிப் பாங்கு முடிந்தபின் எட்டு மணிக்குத் தொடக்கம். பாடலுக்கு இருபத்தைந்து நிமிடம்: ஒரு பழைய கீர்த்தனை கட்டாயம், மற்றவை ஆங்கிலத்திலோ மலாயிலோ. திரையில் தமிழ் எழுத்துக்குக் கீழே ரூமியிலும், அதாவது ஆங்கில எழுத்திலும், வரிகளைப் போடுவோம். அப்படிப் போடாவிட்டால் பாதிப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு நிற்பார்கள், பாடமாட்டார்கள். பிறகு ஏதாவது ஒரு சிறுகுழுவிலிருந்து ஒருவர் சாட்சி சொல்வார். செய்தி முப்பது நிமிடம்.

பேச வருகிறவரிடம் பகுதியையும் நேரத்தையும் முன்னமே எழுதிக் கொடுத்துவிடுவோம். "ஐயா, பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியைப் படித்துவிட்டு வருகிறார்கள், அவர்களுக்கு எழுந்த கேள்விகள் இவை" என்று ஒரு தாளும் அனுப்புவோம். போதகர்கள் அதை மிகவும் விரும்பினார்கள். தங்களுக்குப் பிடித்த வேறு தலைப்பில் பேச விரும்பியவர்களிடம், முகாமுக்கு வந்து அதைப் பேசுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டோம்.

செய்தி முடிந்ததும் கலைந்துபோக விடமாட்டோம். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுச் சிறுகுழுக்களாகவே உட்கார்ந்து பத்து நிமிடம் ஜெபிப்போம். புதிதாக வந்தவர் அந்த நேரத்தில் தனியாக நின்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உடனே ஒரு குழு அழைத்துக்கொள்ளும். நாங்கள் செய்தவற்றில் மிகவும் பயன்பட்டது இந்தப் பத்து நிமிடம்தான். அறிவிப்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. அப்புறம் நாசி லெமாக், தேநீர்.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிய பொறுப்பாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கு இடம் தருகிறது. அதனால் எங்கள் சுவரொட்டிகளில் 'முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்' என்ற வரி மலாயில் கட்டாயம் இருக்கும். கல்லூரிக்குள் எது நடத்தினாலும் கெர்த்தாஸ் கெர்ஜா (நிகழ்ச்சித் திட்ட அறிக்கை) எழுதி, முன்கூட்டியே மாணவர் விவகாரப் பிரிவில் கொடுத்துவிடுவோம். இந்து நண்பர்கள் சிலர் தாங்களாக விரும்பி வருவார்கள். அவர்களை முன்னால் அழைத்து நிறுத்துவதோ, வீட்டுக்குத் தெரியாமல் ஏதும் முடிவெடுக்கச் சொல்வதோ எங்களிடம் இல்லை. கேட்டால் பதில் சொல்வோம், சாப்பாட்டுக்கு உட்கார வைப்போம். நட்பை நட்பாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

பொறுப்பை ஒப்படைக்கும் காலம் வந்தபோது ஒரு கோப்பு தயாரித்தோம். எந்தப் பகுதிக்கு எந்தக் கேள்வி நன்றாகப் போனது, எந்த மாதத்தில் வருகை குறையும், யாரிடம் கார் இருக்கிறது என்பதெல்லாம் அதில். ஜெபக்குறிப்பு நோட்டுகளை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசி நான்கு ஞாயிறுகளில் புதிய தலைவர்கள் நடத்துவார்கள், பழையவர்கள் குழுவில் ஒருவராக உட்காருவார்கள். அவர்களாகக் கேட்டாலன்றிப் பழையவர்கள் வழி சொல்லக் கூடாது.

நான் உட்கார்ந்த குழுவில் புதிய தலைவிக்கு மாற்கு 10இல் பர்திமேயு பகுதி வந்தது. அவள் நாங்கள் வியாழன் எழுதிய முதல் கேள்வியை விட்டுவிட்டு, குருடனிடம் இயேசு கேட்ட கேள்வியையே எங்களிடம் கேட்டாள்: நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்? ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். என் முறை வந்தபோது நானும் சொன்னேன். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே மணி பார்த்து, "மிச்சத்தை புதன்கிழமை பேசலாம், இப்ப ஜெபிப்போம்" என்று சரியான நேரத்தில் நிறுத்தினாள்.