குளச்சல் மொட்டைமாடியில் ஒரு ரேடார் பதிவு

குளச்சலில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு இணையம் கொண்டுவர, இரணியலில் ஃபைபர் இணைப்புள்ள மைத்துனர் வீட்டு மாடியிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு நேரடி இணைப்பை அமைத்தோம். தூரம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். இத்தனை தூரத்துக்கு, நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றிப் பத்து மீட்டர் ஆரத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பதால், தென்னை உச்சிகளைத் தாண்டும் உயரத்துக்கு இரண்டு மாடிகளிலும் இரும்புக் குழாய் நட்டோம். அந்த வேலை இரண்டே நாளில் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை, பிள்ளைகள் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோதே இணைப்பு அறுந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்பியது. அந்த வாரத்தில் இப்படி நான்கு முறை நடந்தது. காற்றில் ஆன்டெனா திரும்பியிருக்கும் என்றுதான் முதலில் மாடியேறிப் பார்த்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது. கருவியின் பதிவைத் திறந்தபோது, 5570 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை பரவிய எங்கள் சேனலில் ரேடார் கண்டறியப்பட்டதாக ஒவ்வொரு முறையும் ஒரே வரி இருந்தது.

துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளின் ரேடாரைத்தான் உடனே சந்தேகித்தேன். ஆனால் படகுகளிலும் கப்பல்களிலும் உள்ள ரேடார்கள் 9 கிகாஹெர்ட்ஸை ஒட்டியோ 3 கிகாஹெர்ட்ஸை ஒட்டியோ இயங்குபவை; எங்கள் அலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. 5600 முதல் 5650 வரையுள்ள பகுதி உலகின் பல இடங்களில் வானிலை ரேடார்கள் இயங்கும் இடம் என்பதை அதன் பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். நம் கரையை நோக்கும், சி-பேண்ட் எனப்படும் இந்த அலைப்பகுதியில் இயங்கும் அத்தகைய ரேடார் ஒன்று, திருவனந்தபுரத்தில் தும்பா விண்வெளி மையத்தில் இருக்கிறது.

இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாத அலைக்கற்றையாகத் திறந்துவிடப்பட்டது. அந்த விதியில் ஒரு நிபந்தனை உண்டு: பிறருக்குக் குறுக்கீடு செய்யக் கூடாது, பிறரால் வரும் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்பும் கோர முடியாது, எல்லோரோடும் பகிர்ந்தே பயன்படுத்த வேண்டும். அந்தப் பகிர்வைச் செய்துதருவதுதான் கருவிக்குள் இருக்கும் டிஎஃப்எஸ் என்ற ஏற்பாடு. ஒரு சேனலில் பேசத் தொடங்குமுன் கருவி ஒரு நிமிடம் வாய்திறக்காமல் காதுகொடுக்கும். வானிலை ரேடாருக்குரிய பகுதியென்றால் பத்து நிமிடம். இடையில் ரேடார் துடிப்பு கேட்டால் பத்து விநாடிக்குள் இடத்தைக் காலிசெய்து, அரைமணி நேரம் அங்கே திரும்பாது. எங்கள் கருவி தானே சேனலைத் தேர்ந்துகொள்ளும்படி விடப்பட்டிருந்ததால், மீண்டும் மீண்டும் அந்தப் பகுதிக்கே போய்ப் பத்து நிமிடம் காத்துக் கிடந்திருக்கிறது.

ஆன்டெனா பொருத்திய தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, நாட்டை மாத்திப் போட்டா அறுபடாது, நான் வேற ரெண்டு மாடியில அப்படித்தான் போட்டிருக்கேன்" என்றான். கருவியில் நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் அந்தக் காதுகொடுக்கும் வேலை நின்றுவிடும், அலை அனுப்பும் திறனும் கூடும். நான் சம்மதித்தேன். இரண்டு நாள் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.

மூன்றாம் நாள், அந்த அமைப்பு ரேடாருக்கு என்ன செய்யும் என்று தேடினேன். வானிலை ரேடார் பல நூறு கிலோவாட் துடிப்பை அனுப்பிவிட்டு, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் அதே அலைவரிசையில் ஒரு மாடி ஆன்டெனா அதை நோக்கிப் பேசினால், திரையில் அந்தத் திசை முழுவதும் ஒரு கதிர்போலக் கோடு விழுந்து, அதன் பின்னே வரும் மழையும் காற்றும் மறைந்துபோகும். 2009-இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் விமான நிலையத்துக்கான வானிலை ரேடாரில் இப்படித்தான் கோடுகள் விழுந்தன; கட்டடங்களின் மேல் வைத்திருந்த 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகளே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் நம் கரையின் எத்தனை வீடுகள் ஆளிழந்தன என்பதை இங்கே யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர்களுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணில் என் வீட்டு மாடியிலிருந்து தூசி விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிரவே நாட்டை இந்தியா என்று திருப்பிப் போட்டேன்.

பிறகு ஒழுங்காகச் சேனல் தேடினோம். 5725-க்கு மேலுள்ள பகுதியில் ரேடார் தொல்லை இல்லையென்றாலும், 149-ஆம் சேனலில் சுற்றுவட்டார இணைப்புகள் நெருக்கியடித்ததால் வேகம் தங்கவில்லை. கடைசியில் சேனலின் அகலத்தை 80-லிருந்து 40 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, 5490 முதல் 5530 வரையுள்ள பகுதியில், 100-ஆம் சேனலில் நிலைநிறுத்தினோம். டிஎஃப்எஸ் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வானிலை ரேடார் பகுதியைத் தொடும் 116 முதல் 128 வரையுள்ள சேனல்களைத் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். சமிக்ஞை தேவைக்கு மேல் இருந்ததால் திறனையும் குறைத்தோம். வேகம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. முப்பது பிள்ளைகள் பாடக் காணொளி பார்க்க அது போதும். மின்சாரம் போய்வந்தால் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பியையும் அழைத்துக்கொண்டு அவன் நாட்டை மாற்றியிருந்த மற்ற இரண்டு மாடிகளுக்கும் போனேன். ஒரு வீட்டில் கையோடு சரிசெய்துவிட்டோம். குறும்பனையில் உள்ள மற்ற வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.