செவலை

எங்கள் வீட்டுப் பூனை செவலை சென்ற வாரம் இறந்துவிட்டாள். செம்பழுப்பு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் கொண்ட ஆணுக்கு அது ஒன்று போதும், இரண்டு எக்ஸ் கொண்ட பெண்ணுக்கு இரண்டு வேண்டும். ஆகவே அந்நிறப் பூனைகளில் பெரும்பாலானவை ஆண்களே. எங்களுடையதோ பெண். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்றவள் என்று மருத்துவர் விளக்கியது முதல், அப்பா அதைத் தம் குலப்பெருமை போலத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வயதான பூனைகளுக்குப் பரவலாக வரும் நாள்பட்ட சிறுநீரக நோய்தான் அவளுக்கும். சிறுநீரகங்களின் செயல்திறனில் பெரும்பங்கு போன பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு உயரும். அதற்கு முன் தெரிவது, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும்தான். மதுரை வெயிலில் அது யாருக்கும் நோயாகத் தோன்றாது.

ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மா, அவளுக்காகவே தோலுக்கடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொண்டு, மடியில் கிடத்தி, தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து, கை நடுங்காமல் செலுத்துவார். முடிந்ததும் ஒரு துண்டு நெத்திலி. பாஸ்பரஸ் குறைந்த உணவே தர வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. அந்தத் துண்டுக்கு மட்டும் அம்மா விலக்களித்திருந்தார். செவலை பொறுத்துக்கொண்டதில் பாசம் எவ்வளவு, மீன் எவ்வளவு என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு.

கொல்லையில் மாதுளைக்கு அருகே ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தோம். பிரிக்காத சலைன் பாட்டில்களும் ஊசிகளும் மீதமுள்ளன. மருத்துவர் பரிந்துரையுடன் இதே சிகிச்சை பெறும் பூனை வைத்திருப்போர் மதுரையில் இருந்தால், உள்பெட்டியில் தெரிவியுங்கள்.