ஒற்றை ஈ

பள்ளிக்கூட மலர்க் குழுவினர் “பட்டாள மாஸ்டரைப் பற்றி ஒரு பக்கம்” கேட்டார்கள். (அவர் இருந்தது கடற்படையில். எங்களுக்கு எல்லாம் பட்டாளம்தான்.) எந்த மாஸ்டரை எழுதுவது? திருகோணமலையில் சிக்னல்காரராக நின்றவரையா, யுத்தம் முடிந்து தந்திக் கந்தோரில் இருந்தவரையா, எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்தவரையா? பின்னேரங்களில் மணிக்கூடு திருத்துவார், முத்திரை சேர்ப்பார். வயலினும் உண்டு, சுமார்தான். கோண்டாவில் வீட்டுக் கோடிக்குள் மூன்று தேன்பெட்டி.

1942 ஏப்ரல் 9 அன்று யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட கதை எந்தப் பாடத்துக்குள்ளும் நுழைந்துவிடும். ஒளிமுறிவில் தொடங்கினால், அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற வெள்ளைக்காரக் கப்பலில் போய் நிற்பார். மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு படித்ததும் அப்படித்தான். தட்டினால் புள்ளி, உரசினால் கோடு.

படித்ததைச் சும்மா விடுவோமா? 1974, இரண்டாம் தவணைச் சோதனை. மாஸ்டர் கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் பென்சிலால் பின் வாங்குக்காரனுக்கு ஆங்கிலத்தில் தட்டினேன்: கிழவன் சிலீப்பிங், ஏழாவது விடை என்ன?

கண்ணைத் திறக்காமலே மேசையில் திருப்பித் தட்டினார். வகுப்பு முழுக்க எழுத்தெழுத்தாக வாசித்தது: ஸ்டான்ட் அப்.

எழும்பினேன்.

“தம்பி, சிலீப்பிங்குக்கு ரெண்டு ஈ. நீ ஒண்டுதான் அனுப்பினனி. ஈ எண்டால் ஒரேயொரு புள்ளி. அதையும் மிச்சம் பிடிக்கிறியோ?”

பிறகு கரும்பலகைக்கு முன்னால் நின்று மன்னிப்பைத் தட்டச் சொன்னார். ‘அப்பாலஜி’க்கு எத்தனை பி என்று எனக்குச் சந்தேகம். பிழை விட்டால் முதலில் இருந்து. மூன்று தரம் தட்டினேன். இடைவேளை வடை மணி அடித்தும் ஒருத்தனும் அசையவில்லை. பிரம்பை எடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அதோடு எனக்கு ‘ஒற்றை ஈ’ என்று பெயர் விழுந்தது. டொராண்டோ ஒன்றுகூடலில் ஒருவன் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறான், என் பேரப்பிள்ளைகளுக்கு முன்னாலேயே.

இங்கே கணக்கு எழுதியே சீவித்தேன். அனுப்பும் முன் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்பேன். அது எங்கிருந்து வந்தது என்று மனிசிக்குச் சொன்னதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த சனத்துக்குள் மாஸ்டரும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தாராம். உருட்டிக்கொண்டு போன சைக்கிளின் கரியரில் முத்திரை அல்பம் மட்டும். புறப்படும் முன் தேன்பெட்டி மூடிகளைத் திறந்து விட்டாராம். அடுத்த வருஷம் காலமானார். தந்தி அடித்தே சீவித்த மனிதரின் செத்தவீட்டுச் செய்தி எனக்கு வந்து சேர மூன்று மாதம் பிடித்தது.

1984இல் நான் கொழும்பு பஸ் ஏறியபோது, பஸ் நிலையத்துக்குச் சைக்கிளில் வந்திருந்தார். அதிகம் கதைக்கவில்லை. பஸ் இழுக்கத் தொடங்க, யன்னல் கண்ணாடியில் விரலால் தட்டினார். முதல் எழுத்து பிடிபட்டது: ஒரு புள்ளி. மிச்சம் எஞ்சின் இரைச்சலோடு போய்விட்டது.

விளங்கினதுபோலத் தலையாட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்கும்.