ஒரே ஒரு குழந்தைக்காக ஒரு மருந்து

பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனைக் கதையை நேற்று இரவு மறுபடியும் படித்தேன். ஒரு ஆண் குழந்தை. உடல் புரதத்தைச் சிதைக்கும்போது உருவாகும் அம்மோனியா, பிறந்த சில நாளிலேயே அவன் ரத்தத்தில் ஏறுகிறது. அதை யூரியாவாக மாற்ற வேண்டிய சிபிஎஸ்1 என்ற நொதி கல்லீரலில் இல்லை. அதாவது, குடிக்கிற பாலில் உள்ள புரதமே விஷம்!

மருத்துவ ஆராய்ச்சியாளர்களான கிரண் முசுனூருவும் ரெபெக்கா அரென்ஸ்-நிக்லஸும் சேர்ந்து, அவன் மரபணுவில் பிழையான ஒற்றை எழுத்தை மட்டும் திருத்தும் மருந்தை ஆறே மாதத்தில் தயாரித்துவிட்டார்கள். எலி, குரங்கு சோதனை எல்லாம் அதற்குள்ளேயே. நுண்ணிய கொழுப்புத் துகள்களில் பொதிந்து, 2025 பிப்ரவரியில் முதல் டோஸ். அப்புறம் இன்னும் இரண்டு.

முழுக் குணம் என்று சொல்ல அவர்களே தயங்குகிறார்கள், சரிதான். ஆனால் முன்பெல்லாம் சாதாரண சளி வந்தாலே அம்மோனியா ஏறி உயிருக்கு ஆபத்து. மருந்துக்குப் பிறகு வந்த சளியைப் பையன் தாங்கிக்கொண்டான். புரதமும் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட ஆரம்பித்தான்.