வேப்பமரத்தடி மறைக்கல்வி

ஜூலை 13, 2025, ஞாயிறு

இந்த வருடம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் மறைக்கல்வி வகுப்பில் என் பொறுப்பில் புதுநன்மைப் பிள்ளைகள், அதாவது முதன்முதலாக நற்கருணை (பூசையில் இயேசுவின் உடலாகக் கொடுக்கிற அப்பம்) வாங்கப்போகிறவர்கள். உள்ளே இருக்கிற ஒரே அறை உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற சடங்கு) வாங்கப்போகிற பெரிய பிள்ளைகளுக்குப் போய்விட்டதால், பூசை முடிந்ததும் நாங்கள் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்காருகிறோம்.

இன்று பத்துக் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஓய்வு கொடுத்து அதைக் கடவுளுக்கு ஒதுக்கச் சொல்கிற மூன்றாவதிலேயே வண்டி நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. இந்தக் கரையில் பல ஊர்களில் அப்படித்தான். அதனால் அதிகம் விளக்கத் தேவையில்லை என்று இருந்தேன். ஒரு பையன் எழுந்தான். "மிஸ், எங்க அப்பா கொச்சி போட்ல போயிருக்காங்க. போனா பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுதான் கரைக்கு வருவாங்க. ஞாயித்துக்கெழமையும் கடல்லதான இருப்பாங்க, அது பாவமா?"

மற்ற பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். குடும்பத்தின் தேவைக்காக உழைக்கிறவருக்கு இந்தக் கட்டளையில் விலக்கு உண்டு. திருச்சபையின் மறைக்கல்வி நூலிலேயே அது இருக்கிறது. அதைச் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை போல, நின்றுகொண்டே இருந்தான். "அப்பா போட்ல செபம் சொல்வாங்களாடா?" என்று கேட்டேன். "ராத்திரி எல்லாரும் சேந்து செபமாலை சொல்லுவாங்களாம்." "பின்ன என்ன?" அதற்கப்புறம்தான் உட்கார்ந்தான். நான்காவது கட்டளை அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். பாதிப் பிள்ளைகள் அங்கே சொந்தக்காரர் வீட்டில். திருவிழா முடிகிற ஆகஸ்ட் 5 வரைக்கும் இப்படித்தான் இருக்கும். வந்தவர்களுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெற்றோர் கூட்டம். வழக்கம்போல அம்மாமார்தான் வந்தார்கள். ஒருவர், "எட்டாம் வகுப்பு வரட்டுமே மிஸ், விவரம் தெரிஞ்சு வாங்கட்டும்" என்றார். ஒரு காலத்தில் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயது தாண்டித்தான் புதுநன்மை கொடுத்தார்கள். 1910 ஆகஸ்டில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர்தான் அதை மாற்றினார்: புத்தி விவரம் வருகிற வயது போதும், ஏறக்குறைய ஏழு. சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் சரி, இறையியல் எல்லாம் வேண்டாம் என்றார். அந்த அம்மா தலையாட்டினார், ஒப்புக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

பெரிய புகார் மனப்பாடம் பற்றித்தான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம், டியூஷனில் மனப்பாடம், கோயிலிலுமா? பொருள் புரிந்தால் போதாதா? நியாயமான கேள்விதான். ஆனால் மனப்பாடத்தை இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 1542இல் மறைபரப்ப வந்த குரு புனித பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை) வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் அவருடைய மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு, முதலில் அவர்தான் மனப்பாடம் செய்தார். அப்புறம் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள்தான் வீட்டில் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பொருள் புரிய வாழ்நாள் இருக்கிறது; ஏழெட்டு வயதில் நாக்கில் ஏறுவது அப்புறம் ஏறாது. கூட்டத்தில் இவ்வளவு நீளமாகப் பேசவில்லை, டீ வந்துவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று ரோமில் கார்லோ அகுத்திஸுக்குப் புனிதர் பட்டம். கைப்பேசியில் படம் காட்டினேன். ஜீன்ஸ் போட்ட புனிதர் என்றதும் நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். 15 வயதில், 2006இல், ரத்தப் புற்றுநோயில் இறந்தவர். நற்கருணைப் புதுமைகளைப் (அற்புதங்களைப்) பற்றி இணையதளம் செய்தவர். "கேம் விளையாடுவாரா மிஸ்?" விளையாடுவார், ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று தனக்குத்தானே கட்டுப்பாடு வைத்திருந்தாராம் என்றேன். அத்தனை முகமும் விழுந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மணப்பாடு சிலுவைத் திருவிழா. வகுப்பு கிடையாது.

செப்டம்பர் 17, புதன்

சிஸ்டர் நோயாளிகளுக்கு வீட்டிலேயே நன்மை (நற்கருணை) கொடுக்கப் போனார்கள், நானும் கூடப் போனேன். கடைசி வீடு என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீடு. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். பாவத்துக்கு வருந்திச் சொல்கிற மனஸ்தாப செபம் கேட்டால் இரண்டாவது வரியில் நின்று பாவாடை ஓரத்தைத் திருகுவாள். பாட்டி கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறுகிறது. சிஸ்டர் செபத்தைத் தொடங்கினதும் பாட்டி உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. இவள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பாட்டி காதுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். பாட்டி திணறுகிற இடத்தில் நிறுத்தி, அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி தொடர்ந்தாள். ஒரு சொல் தப்பவில்லை. தினமும் ராத்திரி இப்படித்தானாம். அவள் அம்மா சொன்னார்.

சவேரியாரும் தான் போகமுடியாத வீடுகளுக்கு, நோயாளிகள் பக்கத்தில் நின்று செபம் சொல்லப் பிள்ளைகளைத்தான் அனுப்பினார்.

டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. இவளை நான் கூப்பிடப்போவதில்லை, மதிப்பெண் போட்டாயிற்று.