கொடுங்கையூர் குப்பை மேட்டுப் பக்கம் தண்ணீர் சோதித்த கதை

எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீர் குடத்தில் விழும்போது தெளிவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிவிடும். மறுநாள் காலை குடத்தின் அடியில் துருப்பொடி மாதிரி படிந்திருக்கும். குடிக்கக் கேன் தண்ணீர், சமையலுக்கு மெட்ரோ வாட்டர், குளிக்கவும் துவைக்கவும் அடிபம்பு என்று வருடக்கணக்காகப் பழகிவிட்டோம். வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பை மேடு நடந்து போகிற தூரம்தான். 340 ஏக்கருக்கு மேல் இருக்கும். அடியில் தடுப்பு எதுவும் போடாமல் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய இடம். மழை பெய்தால் குப்பையிலிருந்து வடியும் கறுப்புச் சாறு மண்ணுக்குள்தான் இறங்கும்.

என் தங்கை மகளுக்குத் தோல் அரிப்பு நிற்காததால்தான் தண்ணீரைச் சோதிக்கக் கிளம்பினேன். காரணம் தண்ணீர்தானா என்று இன்றுவரை எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. முதல் தடவை ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் கழித்து ஒரு தனியார் லேபில் கொடுத்தேன். அவர்களும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். ரிப்போர்ட்டில் ஈயம் இல்லை என்று வந்தது, நிம்மதியாக இருந்தது. குடிநீர்ப் பரிசோதனை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தெரு ஐயா அதைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். அதற்கென்று நைட்ரிக் அமிலம் சில துளி விட்ட தனி பாட்டில் வேண்டும். அம்மோனியாவுக்கு வேறு பாட்டில், அதில் கந்தக அமிலம். எல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த முறை ஐயாவே கூட வந்தார். குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் முழுக்க வெளியேறாமல் பிடிக்கக் கூடாது என்றார். 4 அங்குலக் குழாயில் 10 மீட்டர் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 80 லிட்டர். அதைப்போல் மூன்று மடங்கு அடித்து விட வேண்டும், அதாவது 16 குடம். நானும் இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி அடித்தோம். எதிர்வீட்டு ஆயா வாசலுக்கு வந்து, "இன்னாத்துக்குமா இவ்ளோ தண்ணி அடிக்கிற?" என்று கேட்டார். "பழைய தண்ணி போவணும் ஆயா, அப்பதான் மண்ணுக்குள்ள இருக்கறது வரும்" என்றேன். அவரே வீட்டில் இருந்த குடத்தையெல்லாம் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். ஒரு சொட்டு வீணாகவில்லை. குடத்துக்குக் குடம் உப்பளவு காட்டும் மீட்டரை விட்டுப் பார்த்தோம். எண் ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகுதான் பாட்டிலைத் திறந்தோம். கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனாவை மட்டும் நம்பிவிடாதீர்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும். ஈயம் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

எங்களுக்குப் பெரிய குழப்பம் உப்பில் இருக்கும் குளோரைடில்தான். குப்பைச் சாறு வந்தால் குளோரைடு ஏறும். மண் அதைப் பிடித்து வைக்காது என்பதால் தண்ணீரோடு முதலில் வந்து சேர்வதும் அதுதான். ஆனால் கடலும் பக்கத்தில் இருக்கிறது, உப்பு அங்கிருந்தும் வரலாம். குப்பைச் சாற்றில் இருக்கும் அம்மோனியாவைப் பார்க்கலாம் என்றால் செப்டிக் டேங்கிலிருந்தும் அது வரும். இதற்கு எங்களால் முடிந்த வழி, மேட்டின் சாறு போய்ச்சேர முடியாத பக்கத்தில், எங்கள் தெரு மாதிரியே வீடுகள் நெருங்கிய இடத்தில் ஒரு கிணற்றை ஒப்பிட எடுத்துக்கொள்வது.

அது எந்தப் பக்கம்? பூமிக்கு அடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாதே. கொத்தனார் அண்ணன் ஒருவர் தன் டியூப் லெவலோடு வந்தார். இரண்டு இடம் ஒரே மட்டமா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் குழாய் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருத்தெருவாக மட்டத்தைக் கடத்தி, மூன்று உறைகிணறுகளின் விளிம்பிலும் ஒரே மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். டேப் நுனியில் நட்டு கட்டி இறக்கி, கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தோம். எந்தக் கிணற்றில் நீர்மட்டம் உயரமோ, அங்கிருந்து தாழ்ந்த பக்கம்தான் ஓட்டம். இந்த ஒரு நாள் வேலை இல்லையென்றால் மற்ற எல்லா ரிப்போர்ட்டும் வெறும் காகிதம்தான் என்பேன்.

கோடையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழையில் ஒன்று, மழை ஓய்ந்த பிறகு ஒன்று என மூன்று முறை அதே இடங்களில், அதே முறையில் எடுத்தோம். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதைத்தான் சொல்லின. குப்பை நிரப்பும் இடத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரை இந்த மூன்று பருவத்திலும் பார்க்க வேண்டும் என்று அவற்றில் இருந்தது. இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், நைட்ரேட் 45, ஈயம் 0.01 வரைதான். நைட்ரேட்டைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்குப் பால் கரைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பிட எடுத்த கிணற்றைவிட எங்கள் பம்பில் குளோரைடும் அம்மோனியாவும் மூன்று முறையுமே கூடுதலாக வந்தன. மனு கொடுக்கப் போன இடத்தில் முன்பு, "ஒரு ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை மூன்று பருவத்து ரிப்போர்ட்டையும் நீர்மட்டக் கணக்கையும் சேர்த்து வைத்தோம். மனுவைப் பதிவு செய்து ரசீது கொடுத்தார்கள். பத்து நாளில் அவர்கள் ஆளே வந்து எங்கள் பம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அவர் வந்ததும் நேராகப் பாட்டிலை நீட்டினார். ஆயாதான் நிறுத்தினார்: "இரு கண்ணு, மொதல்ல பதினாறு கொடம் அடிக்கணும்."